தேய்ந்த பிரஷ் போன வழி

மலைமேல் ஒரு மடம் இருந்தது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். வருஷத்தில் எட்டு மாதம் அங்கே குளிர்தான்.

பெயர்தான் மடம். பூஜையைவிடப் பணிவிடைதான் அங்கே அதிகம். வீட்டார் கைவிட்டவர்கள், மூச்சுத் திணறுகிறவர்கள், இனி மருந்து வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்து படுத்திருப்பார்கள். யார், எந்த ஊர், என்ன மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மடத்துக்குத் தலைமை வடிவம்மை. வயது நாற்பத்தாறு. ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். கூட்டிவைத்து உபதேசம் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் அவரைக் குருவாக நினைத்து ஏழெட்டுப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மாசிலாமணி. அம்மையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

மாசிலாமணி வந்து சேர்ந்தது பதினோரு வருஷத்துக்கு முன். மனைவியைப் புதைத்த மறுவாரம். தோளில் ஒரு சாக்குப்பை தொங்கியது.

"உங்களுக்கு என்ன தெரியும்ணே?" என்று அம்மை கேட்டார்.

"சிம்னி சுத்தம் பண்ணத் தெரியும். தேயிலை ஃபேக்டரியில முப்பது வருஷம் அதுதான் வேலை. வேற ஒண்ணும் தெரியாதும்மா."

"பையில என்ன?"

சாக்கை அவிழ்த்துக் காட்டினார். பத்துப் பிரம்புக் கழிகள். ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்க்க நுனிகளில் பித்தளைப் பூண். கூடவே, இரும்புக் கம்பிகள் சுற்றிலும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் ஒரு வட்ட பிரஷ். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது.

"இங்கே ரெண்டு சிம்னி இருக்கு. ஒண்ணு சமையல்கட்டுல, ஒண்ணு நோயாளிங்க அறையில. ரெண்டும் உங்களுக்கு" என்றார் அம்மை.

அதுதான் தீட்சை. வேறு மந்திரம் எதுவும் சொல்லவில்லை.

மாசிலாமணி நாற்பது நாளைக்கு ஒரு தடவை சிம்னி வேலையில் இறங்குவார். அடுப்பை அணைத்து, சாம்பலை அள்ளி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு வாய்க்குள் மண்டியிடுவார். பிரஷை முதல் கழியில் பூட்டி மேலே தள்ளுவார். ஒரு கழி உள்ளே போனதும் அடுத்த கழி. கூரைக்கு மேலே பிரஷ் தலை நீட்டினால் வேலை முடிந்தது. வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்.

ஆரம்பத்தில் ஒரு சிம்னிக்கு அரை நாள் பிடிக்கும். பிரஷ் சுவரைப் பிறாண்டிக்கொண்டு போகும். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். கூடை கூடையாகக் கரி கொட்டும். அன்று ராத்திரி அவரால் சோற்றுத் தட்டைத் தூக்க முடியாது.

வருஷங்கள் போயின. வேலை எளிதானது. அரை நாள் இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு முக்கால் மணி நேரம்.

ஒவ்வொரு தடவையும் அம்மை கேட்பார். "சிம்னி எப்படிண்ணே இருக்கு?"

"சுத்தமா இருக்கும்மா."

"பிரஷ்?"

"வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது."

அம்மை தலையசைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்.

ஒருநாள் கீழே டவுனிலிருந்து அம்மையே ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்தார். உள்ளே புது பிரஷ் இரண்டு.

மாசிலாமணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கம்பிகள் உள்ளங்கையில் குத்தின. மறுபடியும் பொட்டலத்தில் வைத்தார்.

"பழசு நல்லாத்தாம்மா ஓடுது. ஓடுற ஒண்ணைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ஆசையைக் குறைக்கணும்னுதானே இங்கே வந்தேன்?"

"உங்க வேலை. உங்களுக்குத் தெரியும்" என்றார் அம்மை.

புது பிரஷ்கள் சாமான் அறைப் பரணுக்குப் போயின. அதற்குப் பிறகு நாலு வருஷம் அவற்றை ஒருவரும் தொடவில்லை.

இன்னொரு நாள் மாசிலாமணி தானாகவே வந்து சொன்னார். "அம்மா, முந்தியெல்லாம் கண்ணை மூடி உக்காந்தா அவ முகம் வரும். அழுதுடுவேன். இப்போ ஒண்ணும் வர்றதில்லை. ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கேன். மனசு எங்கேயும் முட்டலை."

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளா முட்டலை?"

"ரெண்டு வருஷமா."

அம்மை வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ உள்ளிருந்து கூப்பிட்டார்கள். ஒரு நோயாளிக்கு வலி வந்திருந்தது. எழுந்து போய்விட்டார். மாசிலாமணி அந்த மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நோயாளிகள் அறைக்குக் கணப்பறை என்று பெயர். மூச்சுக்குச் சிரமப்படுகிறவர்களை அங்கேதான் படுக்கவைப்பார்கள். சுவரில் ஒரு கணப்பு இருக்கும். விறகு எரிந்து தணலானதும் அறை முழுக்கக் கதகதப்பாகும். அந்த வருஷம் ஐப்பசியில் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் லூர்துசாமி. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். நுரையீரல் போய்விட்டது. நாலு வார்த்தை பேசினால் நடுவே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார். அப்படியும் பேச்சை விடமாட்டார். மாசிலாமணிக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். தினமும் மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மாசிலாமணி போவார். ஒருவர் ஃபேக்டரிக் கதை சொல்வார், மற்றவர் ரோட்டுக் கதை சொல்வார்.

மற்றவர் ரெங்கநாயகி. பார்வை இல்லாதவர். நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். "மாசிலாமணியா? இன்னிக்கு இடதுகால் வலிக்குதோ?" என்று கேட்பார். சரியாக இடதுகால்தான் வலிக்கும்.

வெள்ளிக்கிழமை கணப்பறைச் சிம்னிக்கு முறை வந்தது. மாசிலாமணி பிரஷை விட்டார். மறிக்காமல் போயிற்று. கால் கூடைக் கரி விழுந்தது. கூரைக்கு மேலே பிரஷ் தலை காட்டியது.

"சிம்னி எப்படிண்ணே?"

"சுத்தமா இருக்கும்மா."

சனிக்கிழமை மழை பிடித்தது. அதற்குப் பிறகு விடவேயில்லை. விறகெல்லாம் நனைந்துபோனது. ஈர விறகு மூச்சடைத்துப் புகைந்து, பிறகு பிடித்து எரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் லூர்துசாமி சொன்னார். "தலை... கனக்குது மணி."

"மழையில்ல. எனக்கும்தான் கனக்குது."

"குளிருது."

மாசிலாமணி ஜன்னலை இழுத்துச் சாத்தினார். இடுக்கில் ஒரு பழந்துணியைச் செருகினார். சமையல்கட்டிலிருந்து ஒரு சட்டி நிறையத் தணல் கொண்டுவந்து கணப்பில் கொட்டினார். புகையே இல்லை. செக்கச் செவேலென்று தணல் கனன்றது.

"இப்போ எப்படி?"

"சொர்க்கம்" என்றார் லூர்துசாமி.

ரெங்கநாயகி போர்வைக்குள்ளிருந்து சொன்னார். "கதவையும் சாத்திட்டுப் போப்பா. சாரல் அடிக்குது."

கதவையும் சாத்தினார்.

மூன்று மணிக்குச் சுக்குக் காப்பியோடு வந்து கதவைத் திறந்தபோது அறை இதமாக இருந்தது. இருவரும் படுத்திருந்தார்கள். லூர்துசாமியின் கன்னம் சிவந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை மாசிலாமணி பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் மனிதன் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தார். காப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

ஏதோ சரியில்லை என்று தோன்ற அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அறையில் சத்தமே இல்லை. லூர்துசாமி மூச்சு விட்டால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

தொட்டுப் பார்த்தார். ரெங்கநாயகியையும் தொட்டுப் பார்த்தார். அதற்குள் அவருக்கே தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து மழையில் விழுந்தார்.

மறுநாள் கீழேயிருந்து டாக்டரும் போலீஸ்காரர் ஒருவரும் ஏறி வந்தார்கள். டாக்டர் உடல்களைப் பார்த்தார், கணப்பைப் பார்த்தார், ஜன்னல் இடுக்கில் இருந்த துணியை உருவிப் பார்த்தார்.

"தணல் விட்ட விஷவாயு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. சிம்னி அடைச்சிருக்கு."

"அடைச்சிருக்க முடியாது சார். வெள்ளிக்கிழமைதான் சுத்தம் பண்ணேன்" என்றார் மாசிலாமணி.

"அடைச்சிருக்கு" என்றார் டாக்டர் மறுபடியும்.

மாசிலாமணி ஓடிப்போய்ப் பிரஷை எடுத்துவந்தார். எல்லோர் கண்ணெதிரேயும் மண்டியிட்டுத் தள்ளினார். ஒரு கழி, இரண்டு கழி, மூன்று கழி. எப்போதும்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. "பாருங்க" என்றார். நாலாவது கழியில் முட்டி நின்றது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை.

கூரைக்குக் கீழே சிம்னி ஒரு வளைவு வளைகிறது. அங்கேதான். ஏணி போட்டார்கள். கடப்பாரையால் செங்கல்லைப் பெயர்த்தார்கள். பெயர்த்த இடத்தில் மாசிலாமணி டார்ச் அடித்துப் பார்த்தார்.

உள்ளே கரி இல்லை. கரியாக உதிர்ந்திருந்தால் தேவலை. தார்போல இறுகி, கறுப்புக் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு, நாலு விரல் கனத்துக்குச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. வருஷக்கணக்கில் படிந்து படிந்து இறுகியது. ஈர விறகுப் புகையில் இளகி ஒரு பாளம் பெயர்ந்து குறுக்கே விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாளத்தை எடுத்துப் போட்டதும் நடுவில் ஒரு துளை தெரிந்தது. வட்டமாக, வழவழவென்று, கடைந்தெடுத்ததுபோல இருந்தது. தேங்காய்ச் சிரட்டையின் அகலம்.

கீழே முட்டி நின்ற பிரஷை மாசிலாமணி வெளியே எடுத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அதை உற்றுப் பார்த்தார். சிலிர்த்து நின்ற கம்பிகளெல்லாம் மடங்கி, மழுங்கி, உட்பக்கமாகப் படுத்திருந்தன. அதைத் துளையில் வைத்தார். பட்டும் படாமல் உள்ளே போயிற்று.

அத்தனை நாளும் அவர் சிம்னியைச் சுத்தம் செய்யவில்லை. அந்தத் துளையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே நின்றவர்கள் அவரை ஏணியிலிருந்து பிடித்து இறக்கினார்கள்.

போலீஸ்காரர் நோட்டை எடுத்தார். "பொறுப்பு யாரு?"

மாசிலாமணி வாய் திறப்பதற்குள் அம்மை முன்னால் வந்தார். "மடத்துக்குத் தலைமை நான். என் பேரை எழுதிக்குங்க."

"அம்மா, சிம்னி என் வேலை."

"அதையும் எழுதிக்குங்க" என்றார் அம்மை.

இரண்டு உடல்களையும் அம்மையும் மாசிலாமணியுமே குளிப்பாட்டினார்கள். ரெங்கநாயகிக்கு வர ஆள் யாரும் இல்லை. மடத்துக்குப் பின்னாலேயே எரித்தார்கள். ஈர விறகு என்பதால் நெடுநேரம் ஆயிற்று. லூர்துசாமிக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் ஸ்டெல்லா. தகவல் அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் நனைந்துகொண்டே ஏறி வந்தாள்.

"நீங்கதான் சொல்லணும்ணே" என்றார் அம்மை.

"எனக்கு வாய் வராதும்மா."

"வர்ற வரைக்கும் அவ முன்னாலயே நில்லுங்க."

மாசிலாமணி போய் நின்றார். ஸ்டெல்லா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்த பழைய லைசென்ஸ் அவள் கையில் இருந்தது. அவர் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நீங்கதான் மணி அங்கிளா? ஃபோன் பண்ணா உங்களைப் பத்தித்தான் பேசுவாரு."

மாசிலாமணி நின்றுகொண்டேயிருந்தார். பிறகு சொன்னார். சிம்னியை, பிரஷை, துளையை. ஜன்னலைச் சாத்தியதை. இடுக்கில் துணி செருகியதை. தணல் கொட்டியதை. லூர்துசாமி சொர்க்கம் என்று சொன்னதை. எதையும் விடவில்லை.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"வேற பிரஷ் இல்லையா இங்கே?"

"இருந்தது."

"எங்கே?"

"பரண்ல. ரெண்டு."

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா."

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

மாசிலாமணி, ஆசையைக் குறைக்க வந்தவன் என்று சொல்ல நினைத்தார். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"கஷ்டமில்லாம இருந்ததும்மா. பழசு கஷ்டமில்லாம இருந்தது" என்றார்.

ஸ்டெல்லா லைசென்ஸைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"மூச்சு விடறதுக்குத்தான் அங்கிள் அவர இங்கே அனுப்பினேன்."

அதற்குமேல் அவள் அவரிடம் பேசவில்லை. திட்டவுமில்லை. டோலி கட்டி நாலு பேர் உடலைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். அவள் பின்னால் நடந்தாள். திருப்பம் வரைக்கும் மாசிலாமணி பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் தன் துணிமணிகளை மூட்டை கட்டினார். அம்மை வாசலில் நின்றார்.

"எங்கே?"

"தெரியலம்மா. இங்கே இருக்க எனக்கு யோக்கியதை இல்லை."

"சமையல்கட்டுச் சிம்னியை யாரு பார்ப்பா?"

மாசிலாமணி மூட்டையைத் தோளில் எடுத்தார்.

"அதுவும் நீங்க சுத்தம் பண்ணதுதானே? அதுக்குப் பக்கத்து அறையில ஒன்பது பேர் படுத்திருக்காங்க. முடிச்சிட்டுப் போங்க."

மூட்டையை இறக்கிவைத்தார்.

சமையல்கட்டு அடுப்பை அணைத்து, வெளியே கொட்டகையில் கல் வைத்துச் சமைத்தார்கள். மாசிலாமணி பரணிலிருந்து புது பிரஷை இறக்கினார். பிரம்புக் கழிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். மூன்றில் பூணுக்குக் கீழே விரிசல் ஓடியிருந்தது. அந்த மூன்றையும் முறித்துப் போட்டுவிட்டு, மூங்கில் வெட்டிச் சீவிப் பூணை மாற்றிப் பூட்டினார்.

பிரஷ் அடுப்பு வாய்க்குள்ளேயே நுழைய மறுத்தது. தோள் கொடுத்து முட்டித் தள்ளினார். ஒரு சாண் போனது. அங்கே நின்றுவிட்டது. இழுத்து, தள்ளி, மறுபடியும் இழுத்து. தலைமேல் கறுப்புச் சில்லுகள் கொட்டின. இறுகிப்போன இடங்களுக்கு நீண்ட கம்பியில் உளி கட்டி இடித்தார். முதல் நாள் முழுக்க இரண்டு முழம்தான் ஏறியது. இரண்டாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம், கண்ணை மூடித் தள்ளிக்கொண்டிருந்தபோது, காரணமில்லாமல் மனைவியின் முகம் வந்தது. தன்னை விட்டுப் போய்விட்டாளே என்று ஏழெட்டு வருஷமாக அவர் மறந்திருந்த கோபமும் அதோடு வந்தது. அடுப்புக்குள் மண்டியிட்டபடியே அழுதார். கண்ணீரில் கரி கரைந்து வாய்க்குள் போனது. யாரும் பார்க்கவில்லை. அழுதபடியே தள்ளினார்.

பன்னிரண்டு கூடைக் கரி வெளியே போயிற்று. நாலாம் நாள் காலையில் கூரைக்கு மேலே பிரஷ் வந்தது. விளிம்பு முழுவதும் சிம்னி வாயில் உரசிக்கொண்டு, பிறாண்டிக்கொண்டு வந்தது. மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினார்.

முடித்துவிட்டு அம்மையிடம் போனார். முகத்தில் வெள்ளை விழி மட்டும்தான் தெரிந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒரு கருவி தேஞ்சு போச்சுன்னு எப்போ தெரியும்? ரெண்டு பேர் செத்த பிறகு எனக்குத் தெரிஞ்சது. அதுக்கு முன்னாலயே தெரியறதுக்கு ஒரு வழி இருக்கணுமில்ல? அதைச் சொல்லுங்க. சொன்னா இருக்கேன். இல்லாட்டி போறேன்."

அம்மை எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினார். மாடத்தில் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு நடந்தார். மாசிலாமணி பின்னாலேயே போனார்.

அடுப்புக்கு முன்னால் அம்மை மண்டியிட்டார். அந்த மடத்தில் அவர் தலைமையேற்று பதினைந்து வருஷம் ஆகிறது. அந்த அடுப்பு வாய்க்குள் அவர் ஒரு தடவையும் தலையை விட்டதில்லை.

மாசிலாமணி பதறிப்போய் முன்னால் வந்து மறித்தார்.

"வேண்டாம்மா. கண்ணுல கரி விழும். நானே ரெண்டு தடவை ஓட்டிட்டேன். இப்போ நிஜமாவே சுத்தமா இருக்கு."

அம்மை அவரை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டுப் போனேன்" என்றார். "தள்ளிக்குங்கண்ணே. நான் பாக்கணும்."